ஷியாம் பெனகலும் அவருடைய படாதிபதிகளும்

ஒரு திரைப்படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நடித்தவர் யார், இயக்கியவர் யார், இசை யாருடையது என்று வினவுகிறோம். பணம் போட்டவர் யார் என்று வினவுவோர் மிகச் சிலரே. ஆயினும், கதை எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும், பாட்டுகள் எத்தனை, கதாநாயகி எந்த ஊர்ப் பேச்சைப் பேச வேண்டும் என்பனவற்றையெல்லாம் பெரும்பாலும் நிர்ணயிப்பவர் அந்தப் பணம் போட்டவர்தாம். கவிஞனுக்குக் காகிதமும் பேனாவும் இருந்தால் போதும். படம் எடுப்பவனுக்குப் பல லட்சம் ரூபாய் வேண்டும். அதைத் தருபவருக்கு ஓர் எதிர்பார்ப்பு இருக்கவே செய்யும். முன்னாளில் புலவர்கள் புரவலரை நாடிச் சென்றனர். நம் காலத்தில் இயக்குநர்கள் படாதிபதிகளை நாடிச் செல்கின்றனர்.

இந்த நோக்கில் ஷியாம் பெனகலின் வாழ்க்கை ஆராய்வதற்கு மிகவும் உரியது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அவர் திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் எடுத்தார். 2024 டிசம்பர் 23ஆம் நாள், தமது தொண்ணூறாவது பிறந்த நாள் கழிந்து ஒன்பதே நாட்களில், மும்பையில் காலமானார். அவருக்குப் பணம் கொடுத்தவர்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் வியப்பாக இருக்கும். விளம்பரக் கம்பெனி, பால் கறந்து விற்கும் குடியானவர்கள், கைத்தறி நெசவாளர்களின் கூட்டுறவுகள், ஒரு மாநில அரசாங்கம், ரயில்வே, தொலைக்காட்சி நிலையம், ராஜ்ய சபை, இரண்டு அயல்நாடுகள் என அந்த வரிசை நீள்கிறது. வட்டிக்குப் பணம் வாங்கி, நட்சத்திரங்களின் பெயரால் விநியோகஸ்தர்களிடம் முன்பணம் பெற்று, பாட்டுகளை நம்பிப் படம் எடுக்கும் பம்பாய்ப் பட உலகின் வழக்கமான வழியில் அவர் சென்றது மிகக் குறைவு. அவ்வழியை ஒதுக்கியதால் அவர் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதே இப்பேச்சின் பொருள்.

பெனகல் 1934 டிசம்பர் 14ஆம் நாள் பழைய ஹைதராபாத் சமஸ்தானத்தில், செகந்தராபாத்தை அடுத்த திருமலகிரியில் பிறந்தார். வீட்டில் பேசிய மொழி கொங்கணி. வீதியில் தெலுங்கும் தக்கணி உருதுவும். தந்தையார் புகைப்படக் கலைஞர். அவர் கொடுத்த காமிராவைக் கொண்டு பன்னிரண்டாம் வயதிலேயே சிறுவன் ஷியாம் ஒரு படம் பிடித்ததாகக் கூறுவர். பிற்காலத்தில் புகழ்பெற்ற நடிகரும் இயக்குநருமான குருதத் அவருக்கு உறவினர். பொருளாதாரத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றதும், ஹைதராபாத்தில் திரைப்படச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்ததும் இளமைக் காலத்துச் செய்திகள். இவற்றைக் காட்டிலும் முக்கியமானது, அவர் வளர்ந்த காலம். தெலுங்கானாவில் ஜமீன்தார்களுக்கும் உழவர்களுக்கும் இடையே பெரும் போராட்டம் மூண்டிருந்த ஆண்டுகள் அவை. 1948இல் சமஸ்தானம் இந்திய யூனியனுடன் சேர்ந்தபோது அவருக்குப் பதின்மூன்று வயது. பின்னாளில் அவர் எடுத்த முதல் இரண்டு படங்களுக்கும் அந்த மண்ணே கரு.

ஆனால் அந்த முதற்படம் வெளிவர அவருக்கு நாற்பது வயது ஆகவேண்டியிருந்தது. கதை மாணவப் பருவத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. எடுப்பதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் பம்பாய் சென்று, 1959இல் லிண்டாஸ் என்னும் விளம்பர நிறுவனத்தில் விளம்பர வாசகம் எழுதும் வேலையில் அமர்ந்தார். 1962இல் குஜராத்தி மொழியில் தமது முதல் விவரணப் படத்தை எடுத்தார். அதன்பின் சோப்பு, பற்பசை, துணி என்று எதற்கெல்லாம் விளம்பரம் தேவையோ அதற்கெல்லாம் படம் எடுத்தார். விளம்பரப் படங்களும் விவரணப் படங்களுமாக அவர் எடுத்தவை தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

கலை ஆர்வம் உடையோர் பலர் இப்பகுதியை அவருடைய வனவாச காலமாகக் கருதிக் கடந்து சென்றுவிடுகின்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. விளம்பரப் படம் எடுப்பவன் மூன்று பாடங்களைக் கற்கிறான். முதலாவது, ஒரே நிமிடத்தில் ஒரு செய்தியை விளங்கவைப்பது. இரண்டாவது, குறித்த தொகைக்குள் குறித்த நாளில் வேலையை முடிப்பது. மூன்றாவதுதான் கடினமானது: பணம் கொடுப்பவரின் சொல்லைக் கேட்டுக்கொண்டே, தன் சொல்லையும் விட்டுவிடாமல் இருப்பது. பெனகலின் பிற்கால வாழ்க்கை முழுவதற்கும் அடிப்படை இம்மூன்றாவது பாடமே. அவருடைய கூட்டாளிகளும் அங்கிருந்தே வந்தனர். ஒளிப்பதிவாளர் கோவிந்த் நிஹலானி அவருடன் விளம்பரப் படங்களில் பணியாற்றியவர். இசையமைப்பாளர் வனராஜ் பாட்டியா லண்டனில் மேனாட்டுச் சங்கீதம் பயின்று திரும்பி, விளம்பரப் பாட்டுகளுக்கு மெட்டமைத்து வந்தவர்.

1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹோமி பாபா பெயரால் அமைந்த உதவித் தொகை பெற்று அமெரிக்கா சென்றார். அங்கே குழந்தைகளுக்காகத் தொலைக்காட்சி நிகழ்ச்சி தயாரிக்கும் நிலையங்களில் பழகினார். நம் நாட்டில் அப்போது தொலைக்காட்சி, அகில இந்திய வானொலியின் ஒரு சிறு கிளையாகவே இருந்தது. 1959 செப்டம்பர் 15ஆம் நாள் டில்லியில் தொடங்கிய அது, பம்பாயை எட்டியது 1972இல்தான். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், வானில் நிறுத்திய செயற்கைக் கோளின் வாயிலாக ஆறு மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை அனுப்பும் சோதனை நடைபெற்றது. மின்சாரமே புதிதாக வந்திருந்த ஊர்களில் பஞ்சாயத்துக் கட்டடத்தின் முன் ஒரு பெட்டி. அதன் எதிரே ஊர் முழுவதும். பெனகல் இச்சோதனைக்காகக் குழந்தைகளுக்குரிய படங்கள் தயாரித்தார். எழுத்தறியாதவனும் நுட்பமான கருத்தைப் பின்தொடர்வான், ஆனால் அது அவனுடைய பேச்சு வழக்கிலும் அவனுக்குத் தெரிந்த பொருள்களின் வாயிலாகவும் வரவேண்டும் என்பது அவர் படங்களெல்லாம் காட்டும் உண்மை. அதே ஆண்டில் குழந்தைகள் திரைப்படச் சங்கத்துக்காக ஹபீப் தன்வீரின் சத்தீஸ்கர் நாடகக் குழுவைக் கொண்டு ‘சரண்தாஸ் சோர்’ என்னும் படத்தை எடுத்தார். அதில் அரசகுமாரியாகத் தோன்றியவர், பம்பாய்த் தொலைக்காட்சியில் மராத்திச் செய்தி வாசித்துக்கொண்டிருந்த ஸ்மிதா பாட்டீல் என்ற இளம்பெண்.

இதற்குச் சிறிது முன்பு, 1974இல், ‘அங்குர்’ வெளிவந்துவிட்டது. இங்கே மொழிபெயர்ப்பையே நாட்கடமையாகக் கொண்டவனுக்குரிய ஒரு சபலத்தை நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெனகலின் படப் பெயர்களைத் தமிழில் சொல்லிப் பார்ப்பது ஓர் இன்பம். அங்குர் என்பது முளை. நம் வீட்டுத் திருமணங்களில் பாலிகை தெளிக்கும் அங்குரார்ப்பணத்தில் இருக்கும் அதே சொல். மந்தன் என்பது கடைதல். பூமிகா என்பது நடிகர் ஏற்கும் வேடம். ஆரோஹண், நம் சங்கீதக்காரர் நாள்தோறும் சொல்லும் ஆரோகணம். திரிகால், முக்காலம். மண்டி என்பதற்கோ மொழிபெயர்ப்பே வேண்டாம். அரிசி மண்டிக்கும் வாழைக்காய் மண்டிக்கும் போய் வந்தவர்களுக்கு அது தெரியும். அந்தப் படத்தில் விற்பனையாகும் சரக்கு மட்டும் வேறு. ஒற்றைச் சொல்லில் பெயரிட்டு, அச்சொல்லைப் படம் முழுவதும் விரியச் செய்வதும் விளம்பரத் துறையில் பெற்ற பயிற்சிதானோ என்று தோன்றுவதுண்டு.

அங்குர் படத்துக்குப் பணம் கொடுத்தது பிளேஸ் என்னும் நிறுவனம். திரையரங்குகளில் விளம்பரப் படங்களைத் திரையிடுவது அதன் தொழில். பெனகலின் விளம்பரப் படங்களால் பல ஆண்டு பயனடைந்தவர்கள், அவருடைய கதைப் படத்தையும் துணிந்து ஏற்றனர். கலைப் படங்களுக்குக் கடன் தர 1960இல் அரசாங்கமே ஒரு நிதிக் கழகத்தை ஏற்படுத்தியிருந்தது. மிருணாள் சென்னின் ‘புவன் ஷோம்’ 1969இல் அதன் உதவியால் எழுந்தது. பெனகல் அக்கதவைத் தட்டாமலேயே வழி கண்டார் என்பது குறிப்பிடத்தக்கது. நகரத்தில் படித்த பண்ணையார் மகன் ஒருவன் தன் நிலத்தைப் பார்க்க ஊருக்கு வருகிறான். வீட்டு வேலை செய்யும் பெண் லட்சுமியிடம் தாராள மனத்தோடு பழகத் தொடங்கி, இறுதியில் அவளைக் கைவிடுகிறான்; செவியும் வாயுமற்ற அவள் கணவனைச் சவுக்கால் அடிக்கிறான். முடிவில் ஒரு சிறுவன் அவன் வீட்டு ஜன்னலின்மீது கல்லெறிந்துவிட்டு ஓடுகிறான். லட்சுமியாக நடித்த ஷபானா ஆஸ்மிக்கு அது முதற்படம். அவருக்கும், கணவனாக நடித்த ஸாது மெஹருக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன.

படத்தின் மொழியைக் கவனிக்க வேண்டும். பம்பாய்ப் படங்களில் எந்த ஊர்க் குடியானவனும் ஒரே வகை ஹிந்தியைப் பேசுவான். அந்த ஹிந்தியை எந்த ஊரிலும் கேட்க இயலாது. அங்குர் படத்தில் பேசுவோர் ஹைதராபாத் வட்டாரத்துத் தக்கணியைப் பேசுகின்றனர். வடநாட்டு விநியோகஸ்தர்கள் இதை விரும்பியிருக்கமாட்டார்கள். அவர்கள் பணம் போடாததனால் அவர்களைக் கேட்க வேண்டிய அவசியமும் நேரவில்லை. பணம் எங்கிருந்து வருகிறது என்பது பாத்திரத்தின் நாவிலுள்ள சொல் வரைக்கும் பாய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு வந்த ‘நிஷாந்த்’ படத்துக்கும் பிளேஸ் நிறுவனமே துணை நின்றது. விஜய் தெண்டுல்கர் திரைக்கதை எழுதிய அப்படம் 1976இல் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது.

இனி, மந்தன். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

குஜராத்தின் கேடா ஜில்லாவில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு வளர்ந்த வரலாறும், அமுல் என்ற பெயரும், டாக்டர் வர்கீஸ் குரியனின் பணியும் நேயர்கள் அறிந்தவை. பெனகல் அக்கூட்டுறவுகளைப் பற்றி விவரணப் படங்கள் எடுத்தவர். விவரணப் படத்தை முன்னரே நம்புகிறவர்கள்தாம் பார்க்கிறார்கள், கதைப் படமாக எடுத்தால் ஊரெல்லாம் பார்க்கும் என்று அவருக்குத் தோன்றியது. செலவு பத்து லட்சம் ரூபாய். கூட்டுறவில் ஐந்து லட்சம் குடியானவர்கள் இருந்தனர். ஆளுக்கு இரண்டு ரூபாய் என்றால் கணக்குத் தீர்ந்தது. பால் ஊற்ற வந்தவர்களின் பணத்திலிருந்து இரண்டிரண்டு ரூபாய் பிடித்துக்கொள்ள அவர்கள் சம்மதித்தனர். 1976இல் படம் வெளியானபோது, இப்படத்தை அளிப்போர் குஜராத்தின் ஐந்து லட்சம் குடியானவர்கள் என்று திரையில் அறிவிக்கப்பட்டது. தாங்கள் பணம் போட்ட படத்தைக் காண அவர்கள் லாரி லாரியாக நகரங்களுக்கு வந்தனர் என்பதும் பதிவாகியுள்ளது. ஆகவே படத்துக்கு முதலீடும் அவர்கள், முதல் ரசிகர்களும் அவர்கள்.

இத்தகைய ஏற்பாட்டில் ஓர் அபாயம் உண்டு. கூட்டுறவு கொடுத்த பணத்தில் கூட்டுறவைப் பற்றி எடுத்த படம், கூட்டுறவுக்கு இரண்டு மணி நேர விளம்பரமாக முடிவதே எளிது. பெனகல் என்ன செய்தார்? கால்நடை மருத்துவரான ராவ் என்பவர் ஒரு கிராமத்துக்கு வருகிறார். தனியார் பால் பண்ணைக்காரர் மிஸ்ரா குடியானவர்களுக்கு அற்ப விலை கொடுத்து வாழ்கிறார். இந்த மட்டில் கதை எதிர்பார்த்தபடியே செல்கிறது. பிறகுதான் சங்கத்துக்குள்ளேயே இருக்கும் நஞ்சு வெளிப்படுகிறது. ஊர்த் தலைவருக்குக் கூட்டுறவு வேண்டும்; ஆனால் சேரியைச் சேர்ந்தவர்கள் தம்முடன் சரிசமமாக வரிசையில் நின்று பால் ஊற்றுவதும், தேர்தலில் தம்மைத் தோற்கடிப்பதும் அவருக்குப் பொறுக்கவில்லை. சேரி தீக்கிரையாகிறது. ராவின் மேல் அவதூறு கிளம்புகிறது. மேலிடம் அவரை மாற்றிவிடுகிறது. அவர் ரயிலேறிச் செல்கிறார். சங்கத்தை நடத்துவதற்கு எஞ்சி நிற்பவன், தொடக்கத்தில் அவரை நம்பாமல் எதிர்த்துக்கொண்டிருந்த போலா.

பணம் கொடுத்தவர்களிலேயே மேல்சாதிக்காரர் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பர். அவர்களுடைய இரண்டு ரூபாயைக் கொண்டே அவர்களுடைய குறையைத் திரையில் காட்டியதும், அதை அவர்கள் வந்து பார்த்ததும் சாதாரண நிகழ்ச்சியன்று. ஒரே ஒரு படாதிபதி இருந்திருந்தால், இக்காட்சியை எடுத்துவிடு என்று சொல்லியிருக்கலாம். ஐந்து லட்சம் படாதிபதிகள் ஒன்றாகக் கூடி ஒரு காட்சியை வெட்டச் சொல்ல இயலாது. இதில் குரியனின் பெருந்தன்மைக்கும் பங்கு உண்டு என்றே கொள்ள வேண்டும். பிற மாநிலங்களின் கிராமங்களில் பால் கூட்டுறவு அமைக்கச் சென்ற அலுவலர்கள் இப்படத்தைத் தங்களுடன் எடுத்துச் சென்று திரையிட்டார்கள். சண்டையையும் தீயையும் மறைக்காமல் காட்டிய படமாதலால்தான் அது கிராமத்தாரிடம் செல்லுபடியாயிற்று என்பது என் துணிபு.

அதன் பிறகு சில ஆண்டுகள் ஆண்டுக்கு ஒன்றாகப் படங்கள் வந்தன. மராத்தி நடிகை ஹன்சா வாட்கரின் தன்வரலாற்றை ஒட்டிய ‘பூமிகா’ 1977இல் ஸ்மிதா பாட்டீலுக்குத் தேசிய விருதைத் தந்தது. நடிகர் சசி கபூர் தாம் வணிகப் படங்களில் ஈட்டிய பொருளை ‘ஜுனூன்’, ‘கல்யுக்’ ஆகிய இரண்டிலும் செலவிட்டார். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின்னணியில் அமைந்தது முன்னது. மகாபாரதத்தைத் தொழிலதிபர் குடும்பங்களின் பகையாக மாற்றியது பின்னது. குத்தகை விவசாயிகளைப் பற்றிய ‘ஆரோஹண்’ படத்துக்கு மேற்கு வங்க அரசாங்கம் பணம் கொடுத்தது; ‘சுஸ்மன்’ நெசவாளர் கூட்டுறவுகளின் ஆதரவில் பிறந்தது. இவ்விரண்டிலும் ஓம் பூரி அருமையாக நடித்திருக்கிறார். ஆயினும் மந்தனுக்கு இவை ஈடாகா. தறியின் ஓசையையும் விரல்களின் லாகவத்தையும் காட்டும் இடங்களில் சுஸ்மன் உயர்ந்து நிற்கிறது. நெசவாளரின் பிரச்சினைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கும் இடங்களில் அறிக்கை வாசிப்பது போலாகிவிடுகிறது. 2000இல் குடும்ப நலத் துறைக்காக எடுத்த ‘ஹரி பரி’யிலும் இதே தொல்லையைக் காணலாம். புரவலரின் நோக்கம் நல்லதாயிருப்பதும் ஒரு சங்கடமே. தீய நோக்கமானால் எதிர்த்து நிற்கத் தோன்றும், நல்ல நோக்கத்தை எதிர்த்து நிற்பது எவ்வாறு?

தொலைக்காட்சி 1976 ஏப்ரலில் வானொலியிலிருந்து பிரிந்து தூர்தர்ஷன் என்னும் தனி அமைப்பாயிற்று. 1982இல் வண்ணமும் நாடு தழுவிய நிகழ்ச்சியும் வந்தன. கலைப் படங்களுக்குத் திரையரங்கு கிடைப்பது அரிதாகிக்கொண்டிருந்த நேரம் அது. பெனகல் தயங்காமல் தொலைக்காட்சிக்குள் நுழைந்தார். சினிமாக்காரர் சிலர் அன்று அதனைத் தாழ்வாகக் கருதினர். செயற்கைக் கோள் சோதனையில் பழகியவருக்கு அந்த எண்ணம் இருந்திருக்க நியாயமில்லை. 1986இல் ரயில்வேயின் ஆதரவில் ‘யாத்ரா’ என்னும் தொடரை எடுத்தார். அந்நாளில் நாட்டிலேயே மிக நீண்ட தொலைவு ஓடிய ஹிமசாகர் எக்ஸ்பிரஸில் கன்னியாகுமரியிலிருந்து ஜம்மு வரை செல்லும் பயணிகளின் கதை அது. பதினைந்து பகுதிகளும் ஓடும் வண்டியிலும் நிலையங்களிலுமே நிகழ்கின்றன.

இரண்டாண்டுகளுக்குப் பின் ‘பாரத் ஏக் கோஜ்’ வந்தது. அகமத்நகர்க் கோட்டைச் சிறையில் 1944இல் ஜவாஹர்லால் நேரு எழுதிய நூலைத் தழுவி, ஐம்பத்து மூன்று பகுதிகளாக, நாட்டின் ஐயாயிரம் ஆண்டு வரலாற்றை ஞாயிறுதோறும் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்த தொடர். இந்நாளில் நாற்பதைத் தாண்டியவர்களில் பலர், இக்கட்டுரையாளன் உட்பட, அசோகனையும் அக்பரையும் பாடப் புத்தகத்தில் படிக்கும் முன்பே அத்தொடரில் பார்த்தவர்கள்.

அதன் ஏற்பாட்டை நினைத்தால் மலைப்பு உண்டாகிறது. நேருவின் நூல் கதையன்று. ஒரு மனிதர் சிறையிலிருந்து தம்மோடு தாமே நடத்தும் ஆலோசனை. அதில் வாக்குவாதம் உண்டு, ஐயம் உண்டு, திடீரென ஒரு ஸ்லோகம் உண்டு. பெனகலும் எழுத்தாளர் ஷமா ஜைதியும் பிறரும் சரித்திர அறிஞர்களின் துணையோடு அதைக் காட்சிகளாகப் பிரித்தனர். நேருவாக வரும் ரோஷன் சேத் தோன்றிச் சில சொற்கள் கூறுவார், ஓம் பூரியின் குரல் வரலாற்றைத் தொடரும், பிறகு நாடகம். காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப நாடகத்தின் வகை மாறும். மகாபாரதப் பகுதியில் சத்தீஸ்கரின் தீஜன் பாய் தம்பூராவைக் கதையாக ஓங்கிப் பாண்டவானி பாடினார். சங்க காலத்தைச் சொல்ல வந்தபோது சிலப்பதிகாரத்துக்கென இரண்டு பகுதிகள் ஒதுக்கப்பட்டன. சோழப் பேரரசுக்கும் இடம் இருந்தது. கண்ணகி பாண்டியன் அவையில் ஹிந்தி பேசுவதைக் கேட்டால் தமிழர் செவிக்குச் சிறிது கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹிந்தி நாட்டுப் பார்வையாளர் லட்சக்கணக்கானோர் கண்ணகியின் பெயரை முதன்முதலாகக் கேட்டது அன்றுதான் என்பதையும் நினைத்தால் அக்கூச்சம் குறைந்துவிடும். குருதத்தின் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்த வி. கே. மூர்த்தி இத்தொடருக்கு ஒளிப்பதிவாளர். அரங்குகளின் எளிமையை அவருடைய வெளிச்சமும் நிழலும் மறைத்துவிட்டன.

ராமானந்த சாகரின் ‘ராமாயண்’ 1988 ஜூலையில் நிறைவுற்றது. சோப்ராக்களின் ‘மகாபாரத்’ அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கியது. ஊர்கள் வெறிச்சோடும் வண்ணம் மக்களைக் கவர்ந்த அவ்விரு தொடர்களின் காலத்திலேயே பெனகலின் தொடரும் வந்தது. அதற்கு அத்தனை கூட்டமில்லை. விளம்பரதாரர் விருப்பத்தை மட்டும் நோக்கியிருந்தால், ராமாயணத்தையும் பல உருவங்களில் வழங்கும் ஒரு கதையாக நின்று ஆராயும் தொடருக்கு அன்று வாய்ப்பே கிடைத்திராது. தூர்தர்ஷன் அரசாங்கத்தின் பொதுநிலையமாக இருந்ததால் கிடைத்தது. அதே காரணத்தால், இந்நூலை எழுதியவர் அப்போதைய பிரதமரின் பாட்டனார் என்ற முணுமுணுப்பும் எழுந்தது. முணுமுணுப்புக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லமாட்டேன். தொடரைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: நேருவின் கருத்துக்குப் பக்கத்திலேயே அதனை மறுக்கும் கருத்தும் நாடகத்தில் பேசப்படுகிறது. பிற்கால ஆராய்ச்சி நேருவின் நூலிலிருந்து வேறுபட்ட இடங்களில் தொடர் ஆராய்ச்சியின் பக்கமே நிற்கிறது.

பின்னர், சத்யம் சங்கரமஞ்சியின் தெலுங்குக் கதைகளைக் கொண்டு ‘அமராவதி கீ கதாயேம்’ என்னும் சிறு தொடரும் எடுத்தார். கிருஷ்ணைக் கரையின் சிற்றூர் வாழ்வைச் சொல்லும் இத்தொடரைப் பேசுவோர் குறைவு. எனக்கு அது மிகவும் உவப்பானது.

எண்பதாவது வயதை நெருங்குகையில் மீண்டும் ஒரு பொதுநிலையம் அவரை அழைத்தது. அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9 முதல் மூன்றாண்டுகள் நடத்திய விவாதங்கள் பெரும் தொகுதிகளாக அச்சில் உள்ளன. நூலகங்களில் அவற்றை எடுத்துப் புரட்டுவோர் அரியர். ராஜ்ய சபைத் தொலைக்காட்சிக்காக 2014இல் பெனகல் அவற்றைப் பத்துப் பகுதிகள் கொண்ட ‘சம்விதான்’ என்னும் தொடராக்கினார். உட்கார்ந்தபடி பேசிக்கொண்டே இருப்பவர்களைக் கொண்டு நாடகம் எடுப்பது எளிதன்று. அடிப்படை உரிமைகள், மொழி, சிறுபான்மையோர் என ஒவ்வொரு பொருளிலும் எதிர்த்தரப்பின் வாதத்துக்கும் முழு வலிமை கொடுத்ததனால் அது நாடகமாயிற்று. அந்த நிலையம் 2021இல் சன்சத் தொலைக்காட்சியுடன் இணைந்துவிட்டது; ராஜ்ய சபைக்கெனத் தனி நிலையம் இன்று இல்லை. பெனகலே 2006 முதல் 2012 வரை அச்சபையின் நியமன உறுப்பினராக இருந்தவர்.

தணிக்கை முறையைச் சீர்திருத்த 2016 ஜனவரியில் மத்திய அரசாங்கம் அமைத்த குழுவுக்கும் அவரே தலைவர். படத்தை வெட்டுவது வாரியத்தின் வேலையன்று, எந்த வயதினர் பார்க்கத்தக்கது என்று சான்றளிப்பதே அதன் வேலை என்பது அக்குழுவின் சாரம். வயதுவாரியான பிரிவுகள் 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில், சிறிது மாற்றத்துடன், இடம்பெற்றன. வெட்டும் அதிகாரத்தைப் பற்றிய கருத்து ஏற்கப்படவில்லை.

கடைசிக் காலத்துப் படங்களைப் பற்றி எல்லோரும் ஒரே அபிப்பிராயம் கொண்டிரார். தர்மவீர் பாரதியின் நாவலிலிருந்து 1992இல் எடுத்த ‘சூரஜ் கா சாத்வான் கோடா’ அவருடைய தலைசிறந்த படங்களுள் ஒன்று; ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்த ‘சுபேதா’வும், எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவனைப் பற்றிய ‘வெல்கம் டு சஜ்ஜன்பூர்’ என்ற நகைச்சுவைப் படமும் பலரை மகிழ்வித்தன. தேசத் தலைவர்களின் வரலாறுகள்தாம் இடறிய இடம். தென்னாப்பிரிக்காவுடன் கூட்டாக எடுத்த ‘மேக்கிங் ஆஃப் தி மகாத்மா’வில் காந்தியடிகள் தவறக்கூடிய இளைஞராக, மனைவியிடம் கடுமை காட்டுபவராக வருகிறார், அதனால் படம் உயிர்பெறுகிறது. இந்தியாவும் வங்கதேசமும் சேர்ந்து பணம் கொடுத்து 2023இல் வெளிவந்த ஷேக் முஜிபுர் ரஹ்மானின் வரலாற்றில் அத்தகைய இடம் மிகக் குறைவு. முஜிபின் மகளே அப்போது அந்நாட்டின் பிரதமர். 2024 ஆகஸ்டில் அவருடைய ஆட்சி வீழ்ந்தது. ஐந்து லட்சம் பேருடைய பணத்துக்கும் ஓர் ஆட்சியின் பணத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிய விரும்புவோர், மந்தனையும் இப்படத்தையும் அடுத்தடுத்த நாட்களில் பார்க்கலாம்.

மந்தன் இப்போது பார்க்கக் கிடைக்கிறது. பல ஆண்டுகளாக நிறம் மங்கிய பிரதிகளே உலவின. மூல நெகட்டிவ் புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தில் இருந்தது. திரைப்படப் பாரம்பரியத்தைக் காக்கும் அறநிறுவனம் ஒன்று அதனை எடுத்து, சென்னையில் பிரசாத் நிறுவனத்தின் கூடத்தில் ஒவ்வொரு சட்டமாகத் துப்புரவு செய்தது. நிஹலானியும் பெனகலும் நிறத்தைச் சரிபார்த்தனர். 2024 மே மாதம் கான் விழாவில் அது திரையிடப்பட்டது. போலாவாக நடித்த நசீருத்தீன் ஷா அங்கே சென்றிருந்தார். அடுத்த மாதம் நம் நாட்டுத் திரையரங்குகளிலும் ஓடியது. பழுதுபார்க்கும் செலவை ஏற்றது குஜராத் பால் கூட்டுறவுக் கூட்டமைப்பு.